ஓடிய நரிக்குட்டி

தில்லை நகர் தியேட்டரில் எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒருவர். பொன்மலை ரயில்வே பட்டறைச் சீருடையோடு மகளைக் கூட்டி வந்திருந்தார். காட்சி மாறும்போதெல்லாம் அவள் காதருகே குனிந்து கதை சொன்னார். அந்தக் கார்ட்டூன் படத்தின் முதல் பாகம் எனக்கும் உயிர். அன்று ஓடிய இரண்டாம் பாகமோ வெறும் கூச்சல்.

இடைவேளையில், "பொம்மை விக்கிறதுக்குப் படம் எடுத்திருக்கானுங்க" என்று பொருமினேன்.

"அது போகட்டும் சார். முதல் பாகத்துல நரிக்குட்டி விந்தி விந்தித்தானே நடக்கும்? இதுல ஓடுது. ஏன்னு ஒரு வார்த்தை சொல்லல பாருங்க." திரையைக் கை நீட்டிக் காட்டிக் கொதித்தார்.

அப்போதுதான் மகளின் காலில் மாட்டியிருந்த இரும்புப் பட்டையைப் பார்த்தேன்.

"அதுக்கு மட்டும் எப்படிப்பா சரியாச்சு?" என்றாள்.

"இது வேற நரிம்மா. நம்ம நரி இதுல நடிக்கல."

படம் எடுத்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பொங்கிய கோபத்தை அந்த ஒரு நொடியில் அவர் எப்படி விழுங்கினார் என்றுதான் விளங்கவில்லை.