தோளுக்கு மேலே பார்க்கிற மனிதர்

சுன்னிம் அக்காவின் சலவைக் கடைக்கும் என் அரிசிப் பலகாரக் கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். தென்கொரியாவின் கோஜே தீவில் கப்பல் கட்டும் தளத்து ஆட்களின் உடுப்புகளை இருபத்திரண்டு வருடமாக அவர்தான் வெளுத்துத் தேய்த்துத் தருகிறார். எந்தத் துணி வந்தாலும் முதலில் பையைத் துழாவுவார். அப்படித் துழாவியபோதுதான், மீன்பிடிக் கப்பலில் வேலை பார்த்த தன் கணவரின் கோட்டில், பூசானில் குழந்தைச் செருப்பு வாங்கிய ரசீது கிடைத்தது. அவர்களுக்குக் குழந்தை கிடையாது. அன்று மாலையே கணவரின் பெட்டி தெருவுக்கு வந்தது. அதற்குப் பிறகு அக்கா யாரையும் நம்பியதில்லை. நான் கொடுக்கும் பலகாரத்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார்.

ஐம்பத்து மூன்று வயதில் இடுப்புவலி வந்தது. மருத்துவர் நடக்கச் சொன்னார். வெறுமனே நடக்கச் சலிப்பாக இருக்கிறதென்று ஊர் நலக்கூடத்து ஜோடி நடன வகுப்பில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஜோடியாக வாய்த்தவர் பாங் சங்கில் என்பவர். தளத்தில் இரும்புத் தகடு அடித்து ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர், முதுகு வளையாத மனிதர். மூன்று தட்டுத் தாளத்தில் வால்ட்ஸ் ஆடும்போது, நிரம்பிய தண்ணீர்க் கிண்ணத்தைச் சிந்தாமல் கொண்டுபோவதுபோல அக்காவைக் கொண்டுபோவார்.

நடனக் கூடங்களில் தனியாக இருக்கும் பெண்களைச் சுற்றி வந்து சேமிப்பைக் கொத்திப்போகும் ஆணை எங்கள் பக்கம் தகைவிலான் குருவி என்போம். “சூதானம் அக்கா. குருவின்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டா வரும்?” என்று நான்தான் முதலில் எண்ணெய் ஊற்றினேன்.

அடையாளங்களும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. சங்கிலிடம் நேற்று எங்கே போனீர்கள் என்று கேட்டால், ஆமாம், நன்றாக இருந்தது என்பார். தொலைபேசியை எடுக்கவே மாட்டார். குறுஞ்செய்தி மட்டும் அனுப்புவார். ஆடும்போது ஆணின் பார்வை பெண்ணின் தோளுக்கு மேலே போவது முறைதான். ஆனால் இவர் கண் எப்போதும் நடன ஆசிரியை மின்ஜொங்கின் கால்மேலேயே இருந்தது. அக்கா வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் திருப்பினால், கழுத்தைத் திருகியாவது அந்தக் கால்களைத் தேடுவார்.

ஒருநாள் தன் கோட்டை வெளுக்கக் கொடுத்தார். பையில் ஒரு சீட்டு: ஊர் மாசான், வியாழன், இரண்டு மணி, யூன் செரா என்ற பெண் பெயர், ஒரு தொலைபேசி எண். அக்கா அந்த எண்ணுக்கு அடித்தார். இளம்பெண் குரல் கேட்டதும் வைத்துவிட்டார். அன்று கடையில் மூன்று சட்டைகள் கருகின.

உடனே விலகிவிடச் சொன்னேன். மே மாதம் சாங்வோனில் நடனப் போட்டி இருந்தது. நாற்பது நாள் உட்கார்ந்து தானே தைத்த நீலப் பாவாடையை அணியாமல் விட அக்காவுக்கு மனமில்லை. போட்டி முடியட்டும், அப்புறம் அந்த ஆளைக் கவனித்துக்கொள்கிறேன் என்றார்.

ஐம்பது வயதுக்கு மேற்பட்ட புதியவர்களுக்கான வால்ட்ஸ். இறுதிச் சுற்றில் ஆறு ஜோடி. நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். ஆசிரியை ஆடுகளத்தில் இல்லை. சங்கிலின் கண்கள் அங்குமிங்கும் அலைந்து, முன்னால் ஆடிய ஜோடியின்மேல் நின்றன. அந்த ஜோடி தாளம் தப்பியது. இவரும் கூடவே தப்பினார்.

“யாரத் தேடுறீங்க?” என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாராம். அவர் புன்னகைத்துத் தலையாட்டினார். ஒரு சாண் தூரத்தில் இருக்கிற ஆள்! அக்காவுக்கு வேறொரு சந்தேகம் தட்டியது.

“உங்க கால்சட்டையில தீப்பிடிச்சிருக்கு.”

அதற்கும் தலையாட்டினார்.

அக்காவின் இடக்கை அவர் தோளுக்குக் கீழே, கைமேல் இருந்தது. அந்த விரல்களால் ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டத் தொடங்கினார். சங்கில் ஒரு கணம் தடுமாறினார். பிறகு அன்றுதான் முதல்முறையாக வேறெங்கும் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு ஆடினார்.

ஐந்தாவது இடம் கிடைத்தது. மாடிப்படியில் வைத்து, அவர் முதுகில் குத்தியிருந்த எண் தாளைப் பிடுங்கி, அதன் பின்புறத்தில் அக்கா எழுதி நீட்டினார்: ‘யூன் செரா யார்?’

“காது பரிசோதிக்கிற பொண்ணு,” என்றார் சங்கில். “முப்பது வருசம் தகடு அடிச்சதுல காது போயிடுச்சு. பாட்டோட அதிர்வுதான் கொஞ்சம் தெரியும். மிச்சத்த மத்தவங்க காலப் பாத்துத்தான் ஆடினேன். செவிடன்னு தெரிஞ்சா வேற ஜோடி தேடிக்குவீங்களோன்னு பயம்.”

அக்கா திரும்பி வரும் பேருந்தில் தனி இருக்கையில் உட்கார்ந்தார். பொய் சொன்னாரே என்ற கோபம் இரண்டு வாரம் இருந்தது. மூன்றாம் வியாழன் கடையை அடைத்துவிட்டு, அவருடன் மாசானுக்குப் போய், அந்தப் பெண்ணையும் காதுக் கருவிகளையும் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார். கருவி மாட்டியும் பாட்டு தகரம் உருள்வதுபோலத்தான் கேட்கிறது என்று சங்கில் குறைப்பட்டதால், ஆட்டத்தில் விரல் தட்டுவது தொடர்ந்தது.

அடுத்த இலையுதிர் காலத்தில் அவர் திருமணப் பேச்சை எடுத்தார். அக்கா முதலில் அவருடைய குடும்பப் பதிவுத் தாளைக் கேட்டார். மூன்று நாள் அதை வைத்துக்கொண்டு, இறந்துபோன மனைவியின் பெயர், பிறந்த தேதி, மகன் இருக்கும் ஊர் எல்லாவற்றையும் சரிபார்த்தார். நான்காம் நாள் காலையில் என்னைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் திருமணப் பதிவுப் படிவத்தில், கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் தன் முத்திரையைக் குத்தினார்.