பாஞ்சாலிக்குக் கொம்பு இல்லை

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் காதுகுத்தோ கல்யாணமோ கருமாதியோ, விக்கி போட்ட பேனர் இல்லாமல் நடந்ததில்லை. ஃப்ளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வருஷக்கணக்காக அவன் செய்த வேலை, வந்த போட்டோவை வெளுப்பது. "மச்சான், கொஞ்சம் கலரா போடுடா" என்று சொல்லாத வாடிக்கையாளர் கிடையாது. வெயிலில் மூட்டை தூக்கிக் கறுத்தவனும் அவன் கையில் உரித்த கோழி மாதிரி ஆகிவிடுவான். செத்துப்போனவர்கூட உயிரோடு இருந்ததைவிட இரண்டு சுற்று வெளுத்துத்தான் மாலைக்குள் சிரிப்பார்.

அந்த விக்கிக்கு இந்திராநகரில் ஒரு காமிக்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. முதலில் புரொபேஷன். தேறினால் நிரந்தரம், குடும்பத்துக்கே மெடிக்கல் இன்ஷூரன்ஸ். அவன் அம்மா பாஞ்சாலி தெரு கூட்டும் வேலையில் இருந்தாள். தூசியைத் தின்று தின்று அவளுக்கு இளைப்பு வந்திருந்தது. வேலை நிரந்தரமானால் அவள் கையிலிருந்து துடைப்பத்தைப் பிடுங்கிவிடுவது என்று விக்கி முடிவு கட்டியிருந்தான்.

கம்பெனி தேஜஸுடையது. தாத்தா காலத்திலேயே சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்து பெங்களூரில் வேர் விட்ட தமிழ்க் குடும்பம். ஆனால் தேஜஸிடம் முதலாளி பந்தா கிடையாது. "சார் எல்லாம் வேண்டாம், ப்ரோன்னு கூப்பிடு" என்றான் முதல் நாளே. ஆளை வேலையை விட்டுத் தூக்கும்போதும் அவன் ப்ரோ என்றுதான் சொல்வான் என்று அங்கே பேச்சு.

காமிக்ஸ் கதை இதுதான். உலகம் அழிந்துவிட்டது. பெங்களூரில் ஏரியெல்லாம் வற்றி, மெட்ரோ தூண்கள் மட்டும் மொட்டையாக நிற்கின்றன. கடைசி ஏரியின் நுரையைக் குடித்தவர்கள் கொம்பும் செதிலும் முளைத்து நுரையர்கள் ஆகிவிட்டார்கள். அவர்களை அடக்கி ஊரைக் காக்க வருகிறாள் வருணிகா. குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லாத ஊரில் அவள் கூந்தல் மட்டும் இப்போதுதான் அலசியதுபோல் அலை அலையாகப் பறக்கும். எந்த வெயிலும் அவளைக் கறுக்க வைக்காது. அதுவும் அவளுடைய சக்திகளில் ஒன்றா என்று கேட்க நினைத்து, புரொபேஷனை எண்ணி விக்கி வாயை மூடிக்கொண்டான்.

நுரையர் கூட்டத்துக்கு வண்ணம் போடுவது அவன் பொறுப்பு. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். உலகமே சுடுகாடான பிறகும் விக்கியின் பழக்கம் போகவில்லை. பஞ்சத்தில் அடிபட்ட நுரையர்கள் பளபளவென்று நின்றார்கள். ஒருவன் கழுத்தில் தங்கச் சங்கிலிகூட விழுந்திருந்தது.

"என்ன ப்ரோ இது, உலகம் அழிஞ்சிருக்கா, இல்ல ரிசப்ஷன் நடக்குதா?" என்றான் தேஜஸ். "பாத்தா பயம் வரணும். ஸ்வல்ப டார்க்கா, அழுக்கா போடு. ஃப்ரைடே ஃபைனல் ரிவ்யூ. அதுலயும் இப்படியே இருந்தா உன்னை வெச்சுக்கறது கஷ்டம்."

"வருணிகாவையும் டார்க் பண்ணணுமா ப்ரோ?"

"அவ ஹீரோயின்ப்பா."

விக்கிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகுதான் பென் டிரைவில் கிடந்த பழைய போட்டோக்கள் நினைவுக்கு வந்தன. பேனருக்காக வாடிக்கையாளர்கள் கொடுத்தவை, அவன் வெளுப்பதற்கு முந்தியவை. தெருவே தன் சொந்த நிறத்தில் அதற்குள் இருந்தது. அவற்றைப் பார்த்து முகங்களைத் திருத்தினான். பக்கத்து வீட்டு கிருஷ்ணப்பாவுக்குக் கொம்பு வைத்தான். இன்னொருத்திக்கு மூன்றாவது கண், வேறொருத்தனுக்குக் கோரைப்பல். நடுவில் அம்மாவின் போட்டோ வந்தது. தங்கை ஷோபாவின் கல்யாணப் பேனருக்காக, தெரு கூட்டிவிட்டு நேரே வந்து அவள் எடுத்துக்கொண்டது. அவளுக்குக் கொம்பு வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. இருந்தபடியே கூட்டத்தில் நிறுத்திவிட்டான்.

வெள்ளிக்கிழமை பெரிய திரையில் அந்தக் காமிக்ஸ் பக்கம் விரிந்தது. தேஜஸ் எழுந்து கிட்டே போனான். அவன் விரல் கொம்புகளையெல்லாம் தாண்டிப் போய்ப் பாஞ்சாலியின் மேல் நின்றது.

"எல்லாரும் இதைப் பாருங்க. கொம்பு இல்ல, செதில் இல்ல, ஒண்ணுமே சேர்க்கலை. ஆனாலும் பாத்தா வயித்தைக் கலக்கறது. இதான் ஆர்ட். யாரு ப்ரோ இது? யாரையாவது பாத்து வரைஞ்சியா?"

அம்மா என்ற சொல் விக்கியின் தொண்டைவரை வந்தது. அதன் பின்னாலேயே இன்ஷூரன்ஸும் வந்தது.

"இல்ல ப்ரோ. சும்மா கற்பனைதான்."

எல்லாரும் கைதட்டினார்கள். வேலை அங்கேயே நிரந்தரமாயிற்று. அந்த முகம் அட்டைப்படத்துக்கும் போயிற்று, வருணிகாவின் பூட்ஸுக்கு அடியில்.

சாயங்காலம் செய்தியைக் கேட்ட பாஞ்சாலி, அப்படி என்ன வரைந்தாய், காட்டு என்று பிடித்துக்கொண்டாள். அட்டைப்படத்தை மறைத்துவிட்டு, உள்பக்கத்தை மட்டும் செல்போனில் காட்டினான்.

"ஐய, இது நம்ம கிருஷ்ணப்பா இல்ல? பாவி, கொம்பு வெச்சிட்டியே" என்று சிரித்தவள், கூட்டத்தில் தன்னைக் கண்டாள். சிரிப்பு நின்றது.

"எல்லாத்துக்கும் கொம்பு, பல்லுன்னு வெச்சிருக்க. எனக்கு மட்டும் ஒண்ணும் வெக்கல. அப்ப இந்தக் கதைல நான்தான் நல்லவளா?"

"ஆமாம்மா."

"இது எங்கம்மான்னு அவங்க கைல சொன்னியா?"

"சொன்னேன்."

பாஞ்சாலிக்குப் பெருமை தாங்கவில்லை. "புக்கு வந்ததும் என்கூட தெரு கூட்டற ஐரின் வீட்டுக்கு ஒண்ணு, ஷோபா மாமியார் வீட்டுக்கு ஒண்ணு எடுத்துட்டு வா. நம்ம தெருவே பாக்கட்டும்" என்று சொல்லியபடி அவன் தட்டில் சோற்றை அள்ளிப் போட்டாள்.

நிரந்தர உத்தியோகஸ்தனுக்கு ஒரு பருக்கைகூட உள்ளே இறங்கவில்லை.