சின்னவன் போட்ட கையெழுத்து

"ஓடாத, நிதானமா வா" என்று இடது கையை அதட்டிக்கொண்டே, கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை. ஐந்து மாத வாடகை பாக்கி. ஒன்றாம் தேதி காலி செய்யச் சொல்லிவிட்டுப் போக வந்தவர் அவர்.

தையல் ஆலையில் துணி வெட்டும் மேசையில் இருபத்திரண்டு வருடம் நின்றவள். தெருவுக்கே கட்டிங் அக்கா. போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையைக் கொண்டுபோய்விட்டது. "பெரியவன் ரிட்டயர் ஆயிட்டான். இனி சின்னவன்தான் எல்லாம்" என்பாள், இடது கையை ஆட்டிக் காட்டி. டப்பா மூடியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கித் திருகுவாள். துவைத்த துண்டின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை முறுக்கிப் பிழிவாள். யாராவது உதவ எழுந்தால், "உக்காருங்க, சின்னவன் கோவிச்சுக்குவான்."

கை போனதற்காக அரசு தந்த உதவித்தொகை, கை போனதாலேயே நின்றுபோனது. இடது கையால் போட்ட கையெழுத்து பழையதோடு ஒத்துப்போகவில்லையாம். ரேகை வைக்கிறேன் என்றால் அதற்குத் தனி விசாரணை. எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் தன் பழைய கையெழுத்தையே பார்த்துப் பார்த்துப் பழக ஆரம்பித்தாள்.

"என் கையெழுத்த நானே கள்ளக் கையெழுத்து போடறேண்ணே" என்றாள், அவரைக் கண்டதும். "நாளைக்கு ஆபீஸ் போறேன். அப்புறம் நீங்க சொல்றபடி."

சாக்குச் சொல்கிறாளோ என்ற சந்தேகத்தில் மறுநாள் அவரும் கூடவே போனார்.

எழுத்தர் பழைய படிவத்தைத் தேடிக்கொண்டே, "போடுங்க" என்றார். துணி வெட்ட நிற்பதைப்போல மேசை விளிம்பில் வயிற்றை அழுத்தி நின்றாள். தாள் நழுவாமலிருக்க, செயலற்ற வலது கையைத் தூக்கி அதன்மேல் பாரமாக வைத்தாள். சின்னவன் இறங்கினான். பெரியவனின் அந்தக் கடைசி அவசரச் சுழியைக்கூட அவசரமே இல்லாமல் போட்டு முடித்தான்.

எழுத்தர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "சரியாத்தானே இருக்கு. இதுக்கா இத்தன மாசம்?" முத்திரை விழுந்தது. "பத்து நாள்ல பாக்கியோட வந்துடும்."

எந்தக் கை போட்டது என்று அவர் பார்க்கவே இல்லை. வீட்டுக்காரர் பார்த்திருந்தார். மாடிப்படி வந்ததும் அவளை நிறுத்தினார்.

"ஏம்மா, ஒண்ணாந்தேதி கிண்ணாந்தேதியெல்லாம் மறந்துடு. இரு நீ பாட்டுக்கு."

"படி பாத்து இறங்குங்கண்ணே" என்று அவள் முன்னால் போனாள்.

வாசலில் காவலாளி, வெளியே போகிறவர்கள் கையெழுத்திடும் பதிவேட்டை நீட்டினார். வீட்டுக்காரர் பேனாவை வாங்கி, சற்றுத் தயங்கி, இடது கைக்கு மாற்றிக்கொண்டார். முதல் எழுத்தே கோணிக்கொண்டு கோட்டைத் தாண்டி ஓடியது. பின்னால் ஆட்கள் நிற்க, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.