ஷாஹீதாவின் சர்க்கரைப் பாட்டில்கள்

முதல் பாட்டிலின் கழுத்தை நாக்கு நுனியால் தொட்டார். செம்பிலிருந்து ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்துத் துப்பினார். இரண்டாவது பாட்டிலுக்கும் அதேதான். மூன்றாவதில் சந்தேகம் வந்துவிட்டது போலும். கொப்பளித்துவிட்டு அதையே மறுபடியும் நக்கிப் பார்த்தார். பிராந்திப் பாட்டில்களை வரிசையாக நிறுத்தி வைத்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு பெண் இப்படி நக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் யாரும் கொஞ்சம் திடுக்கிடத்தான் செய்வார்கள். நானும் திடுக்கிட்டேன். கடைசிப் பாட்டிலையும் வைத்துவிட்டு அவர் பக்கத்திலிருந்தவரிடம், "எல்லாம் நம்ம பாட்டிலுதான். சண்டையை ஆரம்பிக்கச் சொல்லுங்க" என்றார். சொன்ன பிறகும் அவர் முகம் தெளியவில்லை.

உசிலம்பட்டிச் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில், படப்பிடிப்பு நடுவே, ஷாஹீதாவை நான் முதன்முதலாகப் பார்த்தது இப்படித்தான். சினிமாச் சண்டையில் வில்லன் தூக்கி ஒருவன் மண்டையில் அடிப்பானே, சில்லுச் சில்லாகத் தெறிக்குமே, அந்தப் பாட்டில் கண்ணாடி இல்லை, சர்க்கரை. சென்னையில் பெரிய படங்களுக்குப் பிசினில் வார்த்த பாட்டில்கள் கிடைக்கும், விலையும் அதற்கேற்றபடி இருக்கும். மதுரைப் பக்கம் வந்து இறங்கும் சிறிய படங்களுக்கு ஷாஹீதா வீட்டு அடுப்புதான் கதி.

வீடு தெற்குவாசல் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கிறது. அவர் முன்பு கல்யாணக் கேக்குகளுக்குச் சர்க்கரையில் ரோஜாப்பூ செய்துகொண்டிருந்தவர். அந்தப் பூவைப் பார்த்த ஒரு கலை இயக்குநர், பூ மாதிரியே பாட்டில் வருமா என்று கேட்டிருக்கிறார். வந்துவிட்டது. மாமியார் மைதீன் பீவிக்கு மட்டும் இதில் ஒப்புதல் இல்லை. தொழுகிற வீட்டில் சாராயப் பாட்டிலா என்று அவர் முணுமுணுப்பதும், உள்ளே வெறுங்காத்துதானே மாமி என்று இவர் சமாதானம் சொல்வதும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் நடக்கும்.

விடிந்தும் விடியாத குளிர்ச்சியில்தான் பாகு காய்ச்சுவார். சர்க்கரை, தண்ணீர், பேக்கரிக்காரர்கள் வாங்கும் லிக்விட் குளுக்கோஸ், கொஞ்சம் வினிகர். கொதிக்கக் கொதிக்க ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு, இறுகியதை எடுத்துத் தட்டில் போடுவார். கடலை உருண்டைக்குப் பார்க்கும் அதே பதம்தான், ஆனால் இதில் 'டங்' என்று கேட்டால் போதாது, ஒடித்தால் நொறுங்கவும் வேண்டும். ஒரு நொடி தப்பினால் பாகு சிவந்துவிடும். சிவந்தால் அது பாட்டில் ஆகாது, தெருப் பிள்ளைகளுக்கு மிட்டாய்தான். பதம் வந்ததும் பச்சையோ பழுப்போ சாயம் சேர்த்து ரப்பர் அச்சில் ஊற்றி, அச்சை உருட்டிக்கொண்டே இருப்பார். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் பேசக் கூடாது. நான் பேசிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அச்சைவிட்டு வெளியே வந்த பிறகுதான் உண்மையான கவலை தொடங்கும். எறும்பு வரும். பாட்டில்கள் அடுக்கிய மேசையின் நான்கு கால்களும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிற்கின்றன. மழை பெய்தால் காற்றின் ஈரத்தில் சர்க்கரை வியர்த்துப் பிசுபிசுக்கும். ஆகவே வானம் கறுத்தால் ஆர்டர் கிடையாது. தெர்மாகோல் பெட்டியில் அரிசி பரப்பி, அதன்மேல் பஞ்சில் பொதிந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் காரில் ஏறுவார். ஏசி முழு வேகத்தில் ஓட வேண்டும். சன்னலைத் திறந்த டிரைவர் ஒருவரோடு அவருக்கு இன்றுவரை பேச்சு இல்லை.

நக்கிப் பார்க்கும் பழக்கம் ஆரம்பத்தில் இருந்ததில்லை. கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு படப்பிடிப்பில், கடைத் தட்டில் அழகுக்காக அடுக்கியிருந்த நிஜப் பாட்டில்களில் ஒன்று இவருடைய பாட்டில்களோடு சேர்ந்துவிட்டது. அதை வாங்கிய தலை ஒரு சண்டைக்காரருடையது. ஆள் பிழைத்தார், ஆனால் நெற்றியில் தையலோடு. ஷாஹீதா மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. அவர்தான் தன்னை மன்னிக்கவில்லை. அதற்கப்புறம் பாட்டிலின் அடியில் சிவப்புப் பொட்டு ஒட்டிப் பார்த்தார். செட்டு அலங்காரம் செய்கிறவர், எல்லாவற்றிலும் இருந்தால்தான் அழகு என்று நிஜப் பாட்டில்களுக்கும் பொட்டு வைத்துவிட்டார். தட்டிப் பார்க்கலாம் என்றால் சர்க்கரை விரிசல் விடுகிறது. கடைசியில் நாக்குதான் மிஞ்சியது.

"நாலு பாட்டில வரிசையா நக்குனா நாக்கே சர்க்கரையாப் போகும்ணே. அஞ்சாவது நிஜப் பாட்டிலா இருந்தாலும் இனிக்கத்தான் செய்யும். அதுக்குத்தான் நடுவுல தண்ணி" என்று எனக்கு விளக்கம் சொன்னார்.

இவருடைய பாட்டில்களை அதிகமாக வாங்கியிருப்பது ராம்கியின் தலை. உசிலம்பட்டிக்காரர். கதாநாயகனிடம் அடி வாங்கும் கூட்டத்தில் எப்போதும் முன்வரிசையில் நிற்பவர். ஷாஹீதா அவரைத் தம்பி என்று கூப்பிட்டாலும் ஒரு கை தூரம் தள்ளி நின்றுதான் பேசுவார். நெற்றியில் பூசும் ரத்தமும் இவர் தயாரிப்புதான், சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம். அதைக்கூட மேக்கப்காரரிடம் கொடுத்துப் பூசச் சொல்வாரே தவிர, தானாகத் தொடமாட்டார். ஆனால் ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் மறுநாள் காலையில் ராம்கிக்கு போன் போய்விடும். தலை எப்படி இருக்கிறது என்று இவர் கேட்பார். கழுத்துக்கு மேலேதான் இருக்கிறது என்று ராம்கி சொல்வார்.

ரமலான் மாதத்தில் ஷாஹீதா படப்பிடிப்பு ஒத்துக்கொள்வதில்லை. நோன்பு நேரத்தில் நாக்கை உபயோகிக்க முடியாது என்பதுதான் காரணம். ருசி பார்த்துத் துப்பிவிட்டால் குற்றமில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லியிருக்கிறாராம். இவருக்கு மனம் ஒப்பவில்லை. உப்பு பார்ப்பது வேறு, சர்க்கரை கரைந்து தொண்டைக்குள் இறங்குவது வேறு என்று வாதாடுகிறார். இந்த வருடம் மட்டும் வழக்கம் மாறியது. வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் மூடிக்கிடந்த ஒரு அரிசி ஆலையில் மதுக்கடைச் செட்டுப் போட்டிருந்தார்கள். ராம்கி வந்து நின்று, "நீங்க செஞ்ச பாட்டிலுன்னாத்தான் தலையக் குடுப்பேங்க்கா. வேற யாரு பாட்டிலையும் நம்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் இவரால் மறுக்க முடியவில்லை. நக்குவது யார் என்ற கேள்விக்கும் ராம்கியிடமே பதில் இருந்தது. அடி வாங்கப் போவது தன் தலை, ஆகவே நாக்கும் தன்னுடையதே என்றார்.

நானும் கூடப் போனேன். வெயில் ஆலைத் தகரத்தை வறுத்துக்கொண்டிருந்தது. ஷாஹீதாவின் உதடு காய்ந்து வெளுத்திருந்தது, அது நோன்பினால் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெட்டியைத் திறந்து ஐந்து பாட்டில்களையும் ஒரு தட்டில் நிறுத்தினார். பின்சுவர் முழுக்க நிஜப் பாட்டில்கள் அடுக்கியிருந்தன. நிறம், லேபிள், உயரம் எல்லாம் ஒன்றே. வெளிச்சம் சரிபார்க்க வேண்டும் என்று கேமராப் பக்கத்து ஆள் ஒருவர் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துப்போய், கொஞ்ச நேரத்தில் கொண்டுவந்து வைத்தார். இவர் கண் அதன்மேலேயே இருந்தது. இதே பாட்டில்தானா என்று கேட்டார். இதேதான் என்றார் அவர். அந்தப் பதிலில் இவருக்கு நம்பிக்கை வரவில்லை, எனக்கும்தான்.

சீல் உடைக்காத தண்ணீர்ப் பாட்டில் ஒன்றை வாங்கி, ராம்கி உட்காரும் நாற்காலியில் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் நடுவே கொப்பளிக்க வேண்டும் என்று ஒருமுறை சொன்னார். ராம்கி சரி என்றார். இன்னொருமுறை சொன்னார். ராம்கி சிரித்தார். அதற்குள் ரத்தம் கெட்டியாகிவிட்டது என்று மேக்கப்காரர் கூப்பிட, அதை இளக்கிக் கொடுக்க ஷாஹீதா வெளியே போனார். நான் அவரோடு போனேன். போயிருக்கக் கூடாது. திரும்பி வரும்போது ராம்கி கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அஞ்சும் தேன் மாதிரி இனிக்கிறது என்றார்.

ஆட்களை விலகச் சொல்லி, மின்விசிறியை நிறுத்தினார்கள். வில்லனாக நடிப்பவர் தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கையில் எடை பார்த்தார். ராம்கி அவருக்கு முதுகைக் காட்டி நின்று, கழுத்தை இரண்டு பக்கமும் சொடுக்கிக்கொண்டார். முடிக்குள் ஒரு சின்னப் பையில் ரத்தத்தை ஒளித்து வைத்திருந்தார்கள், அடி விழுந்ததும் அது உடைந்து நெற்றியில் வழிய வேண்டும். ஷாஹீதா என் பக்கத்தில் நின்று உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தார். திடீரென்று ஓதுவது நின்றது. அவர் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். நாற்காலியில் தண்ணீர்ப் பாட்டில் வைத்தபடியே இருந்தது. சீல் உடைபடவில்லை.

அவர் வாயைத் திறப்பதற்குள் பாட்டில் இறங்கிவிட்டது.

சில்லுகள் தெறித்தன. ராம்கி மேசையில் மோதித் தரையில் குப்புற விழுந்தார். நெற்றியிலிருந்து சிவப்பு வழிந்து சிமெண்டுத் தரையில் பரவியது. கட் என்று குரல் கேட்டது, யாரோ கை தட்டினார்கள். ராம்கி எழுந்திருக்கவில்லை. ஷாஹீதா ஓடினார். செருப்போடு சில்லுகளை மிதித்துக்கொண்டு போய் மண்டியிட்டு, ராம்கியின் நெற்றியில் வழிந்ததை ஆள்காட்டி விரலால் வழித்து, யோசிக்காமல் நாக்கில் வைத்தார். அது நிஜ ரத்தமாக இருந்திருந்தால் அவருக்கு அதைவிட விலக்கப்பட்ட ஹராம் வேறு கிடையாது.

ராம்கி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். கட் சொன்னது அவர் காதில் விழவில்லையாம்.

"அக்கா, நோன்பு" என்றார்.

ஷாஹீதா விரலைப் பார்த்தார். தோள் கொஞ்சம் இறங்கியது. "இனிப்புதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, "நோன்ப இன்னொரு நாளு பிடிச்சுக்கிடுவேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

பாட்டில் சரியாக உடைந்தது, ஆனால் வில்லன் முகம் தெரியவில்லை, இன்னொருமுறை எடுத்துவிடலாம் என்று அதற்குள் சொல்லிவிட்டார்கள். ராம்கி எழுந்து சட்டையை உதறிக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். வில்லன் தட்டில் முன்னால் இருந்த அடுத்த பாட்டிலுக்குக் கையை நீட்டினார். ஷாஹீதா அந்தத் தட்டையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நேரமாகிறது என்று யாரோ சலித்துக்கொண்டார்கள். இவர் அதைக் காதில் வாங்கவில்லை. நாற்காலியிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலின் சீலைத் திருகி உடைத்தார். அத்தனை பேர் பார்க்க, பட்டப்பகலில், வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்து ஆலை வாசலில் துப்பிவிட்டு வந்தார்.

வில்லன் எடுக்கப்போன பாட்டிலை நாக்கில் வைத்தார். கொப்பளித்தார். மறுபடியும் வைத்தார். அதை மட்டும் தனியாகக் கையில் பிடித்துக்கொண்டு மற்ற மூன்றையும் சோதித்தார். அவை மூன்றும் தட்டுக்குத் திரும்பிப் போயின.

ராம்கி கிட்டே வந்தார். முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது. "அதுவும் இனிச்சுச்சேக்கா" என்றார் மெதுவாக.

ஷாஹீதா தண்ணீர்ப் பாட்டிலை அவரிடம் நீட்டினார். ராம்கி கொப்பளித்துத் துப்பினார். இவர் கையிலிருந்த பாட்டிலை அவர் வாயருகே கொண்டுபோனார். ராம்கி அதன் கழுத்தை நாக்கால் தொட்டார். அப்படியே நின்றுவிட்டார்.

யாரும் யாரையும் திட்டவில்லை. வெளிச்சம் பார்க்க எடுத்துப்போன ஆள் தலையைக் குனிந்துகொண்டார். ஷாஹீதா பாட்டிலின் கழுத்தை வலது கையில் இறுக்கிப் பிடித்து, பக்கத்திலிருந்த மரத்தூணில் ஓங்கி அடித்தார். ஆலை முழுக்க அதிர்ந்தது. தூணில் பள்ளம் விழுந்தது. பாட்டில் உடையவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவருடைய இடது கையை நான் கவனித்தேன். அது எப்போதோ போய் ராம்கியின் உச்சந்தலையை மூடிக்கொண்டிருந்தது.