வேலியிலிருந்து அளக்க வேண்டும்

எங்கள் தெரு முடிகிற இடத்தில், இறந்தவர்களை வைத்துப் புதைத்த பழங்காலத்துத் தாழிகள் நிறைந்த பரம்பு இருக்கிறது. செம்மண்ணும் சரளைக்கல்லுமான மேடு. சுற்றிலும் கம்பிவேலி, ஓரத்தில் அரசாங்கத்தின் நீலப் பலகை. நூறு மீட்டருக்குள் புதிதாகக் கட்டடம் எழுப்பக் கூடாது என்று அதில் இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கிருந்து நூறு என்பதை யாரும் நின்று வாசித்ததில்லை.

மகள் உண்டாகியிருந்த சமயம், வளைகாப்பு பேச வள்ளியூரிலிருந்து சம்பந்தியம்மா வந்திருந்தார். எங்கள் வீட்டில் ஒரு கூடம், ஒரே அறை. சுற்றிப் பார்த்தவர், "பிள்ளை பெத்தவ இங்கன எங்க படுப்பா? நம்ம வீட்டுலயே பிரசவம் பாத்துக்கிடலாமே" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் பார்க்கவில்லை என்றால் என் மனைவிக்கு அதைவிடக் குறை வேறில்லை. "மாடியில ரூம் எடுக்கோம். அவ வர முன்ன முடிஞ்சிரும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கொத்தனாரும் நானும் டேப்பைப் பிடித்தோம். எங்களுக்குப் பரம்பு என்றால் நடுமேட்டில் இருக்கும் சாஸ்தா பீடம்தான். பங்குனி உத்திரத்துக்குப் பொங்கல் வைக்கிற இடம். அங்கிருந்து எங்கள் வாசல்வரை அளந்தோம். "நூறு தாண்டிட்டு அண்ணாச்சி, செங்கல் எறக்கிரலாம்" என்றார் கொத்தனார். எனக்கும் ஏக சந்தோஷம். செங்கல் இறக்கினோம்.

செங்கலைப் பார்த்துத்தான் தொல்லியல் துறை அதிகாரி வந்தார். என் மகள் வயதுப் பெண். டேப் கணக்கைப் பெருமையாக ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாமியிலிருந்து இல்ல சார், வேலியிலிருந்து அளக்கணும்" என்றார். வேலிக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே நான்கு வீடுகள்தான். பழைய வீட்டைப் பழுது பார்ப்பதென்றால் அனுமதி கேட்கலாம், மாடி எழுப்ப முடியாது என்றும் விளக்கினார்.

என் மனைவி காபியோடு வந்தாள். "செத்தவங்களுக்கு அம்புட்டு எடம் கெடக்கு. பெறக்கப் போற பிள்ளைக்கு ஒரு ரூம் கெடையாதா?"

அந்தப் பெண் காபியைக் குடித்துவிட்டு, "நல்லாருக்கும்மா" என்று டம்ளரைக் கையில் கொடுத்துப் போனார். அவர்மேல் கோபப்பட எனக்கு வழியில்லை. வேலி இல்லாவிட்டால் அந்த மேட்டில் இந்நேரம் பிளாட் போட்டு விற்றிருப்போம். நானே ஒன்று வாங்கியிருப்பேன். ஆனாலும் அன்று பரம்பைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பிரசவம் வள்ளியூரில்தான் நடந்தது. என் மனைவி விருந்தாளியாகப் போய்ச் சம்பந்தி வீட்டில் தங்கினாள். சொந்த மகளுக்குப் பிரசவ மருந்து கிளற, அடுப்பைத் தொடலாமா என்று கேட்டுக்கொண்டு நின்றாளாம். அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் தனக்கு அதிகம் வலித்தது என்று ஊர் திரும்பியதும் சொன்னாள்.

மூன்று மாதம் கழித்து, பேரனோடு மகள் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். பகலெல்லாம் கூடத்தில் பாய் விரித்துப் பிள்ளையை நடுவில் போட்டுப் பேசிச் சிரித்தோம். வெயில் தாழ்ந்ததும் அவள் பையை எடுத்து வைத்தாள்.

"இருட்டுமுன்ன வீட்டுக்குப் போயிரணும்மா" என்றாள். வள்ளியூரைத்தான் சொன்னாள்.

"சரி, பாத்து பைய போங்க" என்றாள் என் மனைவி. மகள் கை நீட்டிய பிறகும் பிள்ளையைக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.