கட்டங்களைத் தாண்டிய கையெழுத்து

முட்டாள்தனத்தை வாயால் காட்டுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. நான் அதை நீல மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல், அழகான கையெழுத்தில் எழுதியே கொடுத்தவன். அப்போது ஐந்தாம் வகுப்பு.

வீடு வடக்குத்து கிராமத்தில், பள்ளிக்கூடம் சுரங்கக்காரர்களின் டவுன்ஷிப்பில். அந்த வருடம் ஆங்கில மிஸ் எங்களுக்குக் கூட்டெழுத்து பழக்கினார். முதலில் நாலு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக வெறும் சுழி. பிறகு எழுத்து, அப்புறம் சொல். அவருக்கு ஒரே சட்டம்தான். சொல் முடிகிறவரை பேனா தாளை விட்டு எழும்பக் கூடாது. புள்ளியும் குறுக்குக் கோடும் கடைசியில். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுதச் சொல்வார், சில நாள் கண்ணை மூடிக்கொண்டு. எவன் பேனா எழும்பியதோ அவன் மறுபடி சுழிக்குப் போக வேண்டும். மூன்றே மாதத்தில் என் பேனா எழும்புவதை மறந்துவிட்டது. நோட்டில் ஸ்டார் விழுந்தது, கூடவே தலைக்கனமும். சுரங்கத்துக்கு ஆள் ஏற்றும் பேருந்துகளின் மேல் படிந்த புழுதியில் விரலால் என் பெயரைச் சுழித்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று தள்ளி நின்று பார்ப்பேன். ஒருவரும் பார்த்ததில்லை.

அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பெர்மனென்ட் ஆக்குவதற்கான பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் கொடுத்திருந்தார்கள். ஆளுக்கு ஒன்றுதான். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் சங்க அலுவலகத்தில் சேர்த்தாக வேண்டும். வழக்கமாக எழுதித் தரும் பக்கத்து வீட்டு மாமா ஊரில் இல்லை. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. முதல் ஷிப்ட் முடித்து வந்தவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, படிவத்தை என் முன்னால் வைத்தார். ஸ்டார் வாங்குகிறவன்தானே, எழுது என்றார்.

படிவம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று அதன் தலைமாட்டிலேயே அச்சடித்திருந்தது. அதையெல்லாம் படிக்கிற ஆளா நான்? கட்டத்துக்குக் கட்டம் பேனாவைத் தூக்கினால் மிஸ் முகத்தில் எப்படி விழிப்பது? அப்பா பெயர், தாத்தா பெயர், அம்மா பெயர், ஊர் என்று அத்தனையையும் கட்டங்களுக்கு மேலேயே ஒரே ஓட்டமாக ஓட்டிவிட்டேன். அப்பா தாளைத் தள்ளிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். மடிப்பு விழாமல் என் பழைய நோட்டுக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

நாலு மணிக்கு மேல் அக்கா டியூஷனிலிருந்து வந்தாள். பெருமை தாங்காமல், படிவத்தில் எப்படி எழுதினேன் என்று ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு எழுதிக் காட்டினேன். அவள் தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை.

"கட்டத்துக்கு ஒரு எழுத்துடா, அதுவும் பெரிய எழுத்து. இத அப்படியே தூக்கி ஓரமா போட்டுடுவாங்க. அப்பா எத்தினி வருஷமா இதுக்குக் காத்துகினு கீறாரு, தெரியுமா ஒனக்கு?"

நான் அக்காவின் சைக்கிளை எடுத்து மிதித்த மிதியில் ஒரு செருப்பு எங்கோ விழுந்தது. திரும்பி எடுக்கவில்லை.

அலுவலகத்தில் அப்பாவுக்கு முன்னால் ஆறு பேர் நின்றார்கள். எல்லார் கையிலும் படிவம். கட்டத்துக்கு ஒன்றாகப் பெரிய எழுத்துகள் சமத்தாக உட்கார்ந்திருந்தன. அப்பா முன்னால் நின்றவரின் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் சட்டையை இழுத்து, மூச்சு வாங்கச் சொல்ல ஆரம்பித்தேன்.

"தெரியும். வாய மூடிகினு நில்லு."

வேறு படிவம் கிடையாது. ஐந்தாக இன்னும் பத்து நிமிடம். ஆறு பேர் நாலு ஆனார்கள், நாலு ஒன்று ஆயிற்று. அப்பாவின் கட்டை விரல் படிவத்தின் ஓரத்தில் ஈரம் பதித்திருந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் வாங்கிப் பார்த்தார். பிறகு டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து எல்லாருக்கும் காட்டினார்.

"அடடா, என்னமா எழுதியிருக்கு! யாருங்க எழுதினது?"

அவ்வளவுதான், என் பயம் பறந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்தி ஓரடி முன்னால் வைத்தேன். அப்பாவின் கை என் தோளில் விழுந்து, அப்படியே அழுத்திப் பின்னால் தள்ளியது.

"நான்தாங்க."

"அப்படியா? எங்க, படிங்க கேப்போம்."

அப்பா முதல் வரியில் விரலை வைத்துத் தன் பெயரைச் சொன்னார். சரி. அடுத்து தாத்தா பெயர். அதுவும் சரி. மூன்றாவதில் விரலை வைத்து, வடக்குத்து என்றார். விரல் இருந்தது அம்மாவின் பெயர் மேல். வரிசையே சிரித்தது. எல்லாரும் சிரிக்கிறார்களே என்று நானும் சிரித்தேன்.

அடுத்த லிஸ்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று படிவத்தைத் திருப்பித் தந்தார்கள். அந்த லிஸ்ட் வந்தபோது நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன்.

வெளியே வந்து, நான் ஓட்டி வந்த சைக்கிளை அப்பா தள்ளிக்கொண்டு நடந்தார். எனக்கு உள்ளே ஒரே பொருமல். பட்டியலில் பெயர் ஏறாமல் போனதற்காக அல்ல. மேசைக்காரர் மெய்யாகவே மெச்சினார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு வர வேண்டிய பேரை அப்பா அத்தனை பேர் முன்னால் தட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த மெச்சுதல் எந்த ரக மெச்சுதல் என்று அப்பாவுக்கு முதல் சொல்லிலேயே தெரிந்திருந்தது. எனக்குத் தெரிய, நானே வேலை தேடி நாலு மேசைகளுக்கு முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் கேட்டுவிட வேண்டும் என்பதுதான். கேட்டேன்.

"நான் எழுதுனத நீ எழுதுனேன்னு ஏம்பா சொன்ன?"

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏன், அந்தச் சிரிப்பும் ஒனக்கே வேணுமா?"