கட்டை மாட்டாத ஆணி

தொண்ணூறுகளில் தாம்பரம் பக்கம் ஒரு ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனியில் ஆறு வருடம் காலர் தைத்தேன். எங்கள் லைனில் முப்பது பெண்கள். பாத்ரூம் போக ஒரே ஒரு மரக்கட்டை, சூப்பர்வைசர் மேசைக்கு மேலே ஆணியில் தொங்கும். அதை எடுத்துக்கொண்டுதான் போகவேண்டும். போன நேரமும் வந்த நேரமும் நோட்டில் ஏறும்.

பக்கத்து மிஷின் அக்கா இரும்புலியூரிலிருந்து வருவாள். வாயைத் திறந்தால் சொலவடைதான். "வேலை தலைக்கு மேல இருக்கலாம்டி, தலைமேல குந்தக் கூடாது" என்பாள். மதியம் அவள் கருவாட்டுக் குழம்பு என் சோற்றுக்கு வரும். என் பொரியல் அவளுக்குப் போகும்.

பிறகு என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். கட்டையும் நோட்டும் என் பொறுப்பு. முதல் நாளே நான் டிபன் பாக்ஸோடு போய் உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. யாரும் எழுந்து போகவில்லை, ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. குழம்பு மட்டும் என் பக்கம் வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு மேசையிலேயே தனியாகச் சாப்பிட ஆரம்பித்தேன்.

தள்ளி உட்கார்ந்த பிறகுதான் சிலது கண்ணில் பட்டது. அக்கா கொண்டுவரும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் நிறைந்தபடியே திரும்பிப் போனது. குடித்தால் போகவேண்டும், போனால் நோட்டில் ஏறும். ஒருநாள் தைத்துக்கொண்டிருக்கும்போதே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். நீர்க்கடுப்பு, ரத்தம் கலந்து போகிறது என்று வேறொருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னாராம் டாக்டர்.

அன்றைக்கே கட்டையைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போனேன். கட்டை இல்லாவிட்டால் வேண்டியபோது போவார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. வெறும் ஆணியைப் பார்ப்பார்கள், குனிந்து தைப்பார்கள். பதினொரு மணிக்கு அக்கா என் முன்னால் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"கட்டை எங்க மேடம்?"

மேடம் என்றாள்.

"எங்க வூட்ல கீது. நீ போக்கா."

"கட்டை இல்லாம எப்டிப் போறது?"

கையைப் பிடித்து நானே கூட்டிப்போனேன். வழியில், போகிறவர்கள் கேட்காமல் போங்கள் என்று லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார். "கூலிக்குத்தான் சார் வந்தோம், மூத்திரத்தையுமா அடகு வெச்சோம்?" என்று கேட்டுவிட்டேன். வேலையில் கஷ்டமே கூடாது என்றா கேட்டேன்? உடம்பை உடம்பாக விடுங்கள் என்றேன், அவ்வளவுதான்.

மறுவாரம் என்னைப் பேக்கிங் அறைக்கு மாற்றினார்கள். விரட்ட ஆளில்லை, நோட்டு இல்லை, பாத்ரூம் வாசலிலேயே. நிம்மதியான இடம் என்று வாட்ச்மேன்கூடச் சொன்னார். அட்டைப்பெட்டிகளோடு நாள் முழுக்க நான் மட்டும். லைனில் புதுக் கட்டை மாட்டினார்களா என்று சொல்லக்கூட ஒருவர் எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அக்காவைப் பார்த்தேன். நாலைந்து பேர் நடுவில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கூடையில் பாட்டில் தெரிந்தது. முக்கால்வாசி காலி. கூப்பிடலாம் என்று இரண்டு அடி வைத்தேன். பஸ் வந்தது, எல்லோரும் ஏறிக்கொண்டார்கள்.